கற்பிப்பவரின் கோப்பையும் திறந்து படியுங்கள்: பல்கலைக்கழகப் பதவி உயர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பதவி உயர்வுக்கான ஒவ்வொரு சுற்றிலும் வேதியியல் துறையிலிருந்து உங்கள் மேசைக்கு இரண்டு வகைக் கோப்புகள் வருகின்றன. ஆராய்ச்சியை முதன்மைப் பணியாகக் கொண்டவரின் கோப்பு வந்தால், அவருடைய கட்டுரைகளை அதே உட்துறையில் பழுத்த வெளி மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பி, அவர்கள் வரிவரியாகப் படித்து எழுதிய கருத்துகளைப் பெற்று, அவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அதன் பிறகே முடிவெடுக்கிறீர்கள். கற்பித்தலையே முழுநேரப் பணியாகக் கொண்ட விரிவுரையாளரின் கோப்பு வந்தால், மாணவர் கருத்துக்கணிப்பின் சராசரி எண்ணையும் துறைத்தலைவரின் ஒரு பக்கக் கடிதத்தையும் பார்த்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுகிறீர்கள். அவர் எழுதிய செய்முறைக் கையேட்டையோ, வினாத்தாள்களையோ, பாடத்தை அவர் அடுக்கிய வரிசையையோ குழுவில் ஒருவரேனும் திறந்து படித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கற்பித்தல் சார்ந்த பணிப்பாதையில் பல ஆண்டுகளாக இருக்கும் ஒரு வேதியியல் விரிவுரையாளர் என்ற முறையில் உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: எங்கள் வேலையையும் படித்துப் பார்த்து மதிப்பிடுங்கள்.

இந்தப் பணிப்பாதைக்கு ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயர்கள் இருக்கின்றன. சில பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர் என்ற ஒரே படியோடு அது நின்றுவிடுகிறது. சில இடங்களில் முதுநிலை விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என ஏணி முழுவதும் விதிப்புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் மேல்படிகளில் கால் வைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெயர் எதுவானாலும் பணியின் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். முதலாமாண்டின் பெரிய வகுப்புகள், செய்முறை வகுப்புகளின் முழுப் பொறுப்பு, அவற்றில் மேற்பார்வை செய்யும் ஆய்வு மாணவர்களுக்கான பயிற்சி, வினாத்தாள், மறுதேர்வு, உடல்நலக் காரணங்களால் செய்முறையைத் தவறவிட்டவர்களுக்கு மாற்று ஏற்பாடு, மேற்படிப்புக்கும் வேலைக்கும் பரிந்துரைக் கடிதங்கள் என்று அது நீண்டுகொண்டே போகும். முனைவர் பட்டமும் அதற்குப் பிந்தைய ஆய்வு அனுபவமும் பெற்றவர்களே பெரும்பாலும் இந்தப் பணிக்கு வருகிறார்கள். அப்படி வருபவரைப் பார்த்து ‘ஆராய்ச்சி கைகூடவில்லையா’ என்று விசாரிக்கும் வழக்கம் மட்டும் இன்னும் ஒழிந்தபாடில்லை. அதை நான் இங்கே நீட்டி முழக்கப் போவதில்லை.

உங்களில் பலர் வேதியியலர்கள் அல்லர் என்பதால், எங்கள் வேலை எப்படிப்பட்டது என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டின் மூலம் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கரிம வேதியியல் செய்முறை வகுப்புகளில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு சோதனை, சைக்ளோஹெக்சனால் என்ற ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்து சைக்ளோஹெக்சனோன் என்ற கீட்டோனாக மாற்றுவது. பழைய கையேடுகளில் இதற்கு சோடியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் பயன்பட்டன. டைகுரோமேட்டில் உள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதன் கழிவைத் தனியே சேகரித்துத் தனியே அகற்ற வேண்டும். ஆகவே பல துறைகள் அதைக் கைவிட்டு, துணி வெளுக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலையும் அசெட்டிக் அமிலத்தையும் கொண்டு அதே மாற்றத்தைச் செய்யும் முறைக்கு வந்திருக்கின்றன. துறைக்கூட்டத்தின் குறிப்பேட்டில் இது ஒரே வரியாகப் பதிவாகியிருக்கும்: ‘சோதனை பசுமை வேதியியலுக்கு ஏற்ப மாற்றப்பட்டது.’

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது என்ன? ஹைப்போகுளோரைட் கரைசல் வைத்திருக்க வைத்திருக்கத் தன் வலிமையை இழக்கும். கலத்தின் மேல் அச்சிட்ட செறிவை நம்பி அளவைக் கையேட்டில் எழுதிவிட்டால், பருவத்தின் தொடக்கத்தில் செய்த குழுவுக்கு நல்ல விளைச்சலும் கடைசியில் செய்த குழுவுக்குப் பாதி வினைபடாத ஆல்கஹாலும் கிடைக்கும். ஆகவே ஸ்டார்ச்-அயோடைடு தாளைத் தொட்டுப் பார்த்து, அது கருநீலமாக மாறும் வரை கரைசலைச் சேர்க்கச் சொல்லி, எஞ்சிய ஆக்சிஜனேற்றியைப் பிறகு சோடியம் பைசல்பைட்டால் அழிக்கும் படியை நாங்கள் எழுத வேண்டும். வினை வெப்பத்தை உமிழ்வது. ஒரு மாணவர் பொறுமையிழந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை நாங்களே முன்கூட்டிச் செய்து பார்த்து, வெப்பநிலைக்கு ஓர் உச்சவரம்பு குறிக்க வேண்டும். அசெட்டிக் அமிலத்துக்குப் பதிலாகப் பக்கத்து மேசையில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எவரேனும் எடுத்துவிட்டால் குளோரின் வாயு வெளிவரும். எனவே அந்தப் புட்டியே அன்று அந்த அறையில் இருக்கக் கூடாது. இவற்றையெல்லாம்விடக் கண்ணுக்குத் தப்பும் ஆபத்து வகுப்பின் கடைசிப் பத்து நிமிடங்களில் காத்திருக்கிறது. கண்ணாடிக் கலன்களை அசெட்டோனால் அலசுவது மாணவர்களுக்குக் கைப்பழக்கம். அழிக்கப்படாத ஹைப்போகுளோரைட் கிடக்கும் கழிவுக் கலத்தில் அந்த அசெட்டோனை ஊற்றினால், அவை வினைபுரிந்து குளோரோஃபார்ம் உண்டாகும், கலமும் சூடேறும். ‘பைசல்பைட் சேர்த்து, தாள் நிறம் மாறாததை மேற்பார்வையாளரிடம் காட்டிய பிறகே கழிவை ஊற்றவும்’ என்று கையேட்டில் தடித்த எழுத்தில் நிற்கும் ஒரு வாக்கியம், எவரோ ஒரு விரிவுரையாளர் அந்தக் கடைசிப் பத்து நிமிடங்களைத் தன் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்ததால் வந்தது.

இவ்வளவும் பாதுகாப்புக்கு மட்டும். அந்தச் சோதனையின் மூலம் மாணவர் எதைக் கற்க வேண்டும் என்ற கேள்வி இன்னும் தொடப்படவே இல்லை. கிடைத்த நீர்மத்தின் அகச்சிவப்பு நிறமாலையில் 1715 என்ற அலைஎண்ணை ஒட்டிக் கீட்டோனின் கார்போனைல் தொகுதிக்குரிய கூர்மையான உறிஞ்சல் தோன்றியிருக்கிறதா, ஆல்கஹாலுக்குரிய அகன்ற உறிஞ்சல் மறைந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லலாம். அல்லது, அந்த அகன்ற உறிஞ்சல் இலேசாக எஞ்சியிருக்கும் ஒரு நிறமாலையை வேண்டுமென்றே கொடுத்து, அது வினைபடாத ஆல்கஹாலா, சரியாக உலர்த்தப்படாத நீரா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் எனக் கேட்கலாம். முதல் கேள்விக்கு விடை கையேட்டிலேயே இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு மாணவர் யோசித்தாக வேண்டும். அதைத் திருத்துவதற்கு விரிவுரையாளருக்கும் மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். எந்தக் கேள்வியை எவர் கேட்டார் என்பது மாணவர் கருத்துக்கணிப்பின் சராசரியில் தெரியவே தெரியாது. கையேட்டைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வேதியியலைக் கற்பிப்பது ஏன் தனித் திறமை கோரும் வேலை என்பதற்கு நல்ல விளக்கம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கிளாஸ்கோவில் பணியாற்றிய வேதியியல் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991-இல் எழுதிய ஒரு கட்டுரையில், வேதியியலர் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் சிந்திக்கிறார் என்றார்: கண்ணால் பார்க்கும் பொருள், கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறு, அவற்றைக் குறிக்கும் குறியீடும் சமன்பாடும். பழகியவர் இம்மூன்றுக்கும் இடையே தன்னை அறியாமலே தாவிச் செல்கிறார். புதிதாக வரும் மாணவருக்கோ மூன்றும் ஒரே சமயத்தில் வந்து விழுவதால் அவருடைய நினைவின் கொள்ளளவு நிரம்பிவிடுகிறது. கரும்பலகையில் சமன்பாட்டை எழுதிக்கொண்டே ‘இப்போது நிறம் மாறும், ஏனென்றால் எலெக்ட்ரான் இங்கே போகிறது’ என்று சொல்லும் ஒரு வாக்கியத்துக்குள் மூன்று தளங்களும் வந்துபோய்விடுகின்றன. எதை முதலில் காட்டுவது, எதைச் சற்று நேரம் மறைத்து வைப்பது என்று ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கணக்கைச் சரியாகப் போடும் மாணவருக்கு வேதியியல் புரிந்திருக்கிறது என்று நம்புவதற்கும் இடமில்லை. நூரன்பெர்ன், பிக்கரிங் என்ற இருவர் 1987-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வாயு விதிகளைக் கொண்டு எண்களைக் கணக்கிடும் கேள்விகளுக்குச் சரியாக விடையளித்த மாணவர்களில் பலர், அதே கருத்தைப் படமாகக் கேட்டபோது தடுமாறினார்கள். ஓர் எஃகுக் கலத்தில் ஹைட்ரஜன் வாயு இருக்கிறது. அதன் மூலக்கூறுகளைப் புள்ளிகளாகக் காட்டும் படம் தரப்பட்டிருக்கிறது. வெப்பநிலையை நீரின் உறைநிலைக்குக் கீழே இருபது பாகைக்கு இறக்கினால் புள்ளிகள் எப்படி இருக்கும் என்பது கேள்வி. அந்த வெப்பநிலையிலும் ஹைட்ரஜன் வாயுவாகவே இருக்கும் என்பதால் புள்ளிகள் முன்போலவே கலம் முழுவதும் பரவியிருக்கும். ஆனால் குளிர்ந்தால் சுருங்கும் என்ற நினைப்பில், புள்ளிகள் அடியில் படிந்தோ சுவரோரம் ஒதுங்கியோ கிடக்கும் படத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. கொதிக்கும் நீரில் எழும் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் காற்று என்றோ, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றோ சொல்பவர்களை முதலாமாண்டு வகுப்பில் இன்றும் காணலாம். பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்பது இவற்றைவிடப் பிடிவாதமான தவறு. உயிரியல் பாடத்தில், செல்களுக்கு ஆற்றல் வழங்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூற்றைப் பற்றிக் கேட்டதும் வேதியியலில் பிணைப்பு ஆற்றலைப் பற்றிக் கேட்டதும் மாணவரின் மனத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பேசும் வரை அது போகாது.

இத்தகைய தவறுகளின் வரைபடத்தைக் கைவசம் வைத்திருப்பதும், அவற்றை வெளிக்கொணரும் கேள்விகளை உருவாக்குவதும், ஒரு கேள்வி நன்றாகப் படித்தவரையும் மேலோட்டமாகப் படித்தவரையும் உண்மையில் பிரித்துக் காட்டுகிறதா என்று விடைத்தாள்களைக் கொண்டு சரிபார்ப்பதும் எங்கள் துறைசார் அறிவின் மையம். இது பாட அறிவும் கற்பித்தல் அறிவும் தனித்தனியாக இருந்து கூடுவதால் வருவதில்லை. இந்த வேலையைச் செய்துகொண்டே இருப்பதால் மட்டும் சேர்வது. ஆராய்ச்சியில் தலைசிறந்த வேதியியலர் ஒருவரை முதலாமாண்டு வகுப்புக்கு ஒரு பருவம் அனுப்பினால் அவருக்கு இது உடனே வாய்த்துவிடாது, அவர் எத்தனை நல்ல மனம் படைத்தவராக இருந்தாலும்.

இனிக் கருத்துக்கணிப்புக்கு வருகிறேன். மாணவர்களின் குரல் எங்களுக்கு வேண்டும். கையேட்டின் எந்தப் பக்கம் குழப்புகிறது, எந்த மேற்பார்வையாளர் வகுப்பில் கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கிறார், விடைத்தாள்கள் எப்போது திரும்ப வருகின்றன என்பதையெல்லாம் அவர்களைத் தவிர வேறு எவரும் சொல்ல முடியாது. ஆனால் ‘இவர் நன்றாகக் கற்பிக்கிறாரா’ என்ற கேள்விக்கு அவர்கள் தரும் மதிப்பெண்ணை, அவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பதற்கான அளவுகோலாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். முன்பு நடந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017-இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, இவ்விரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்று கண்டது. 2019-இல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் செய்யப்பட்ட ஒரு சோதனையின் முடிவு இன்னும் சுவையானது. தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டும்படி நடத்தப்பட்ட வகுப்பின் மாணவர்கள் தேர்வில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்களுக்கு நிலைமை நேர்மாறு. கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் அதன் ஆசிரியர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் 2018-இல் வழங்கப்பட்ட நடுவர் தீர்ப்பு, பணி நிரந்தரத்துக்கும் பதவி உயர்வுக்கும் கற்பித்தலின் திறனை அளக்க இந்தக் கணிப்புகளைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்லிவிட்டது.

இதன் விளைவு என்ன என்பதை யோசியுங்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைச் சார்ந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த பகுப்பாய்வு, விரிவுரையை மட்டுமே கேட்கும் வகுப்புகளில் மாணவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு, செயல்வழி வகுப்புகளோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ 1.5 மடங்கு என்று காட்டியது. அந்தச் சான்றை மதித்து ஒரு விரிவுரையாளர் தன் வகுப்பை மாற்றினால், முதல் பருவத்தில் மாணவர்கள் முணுமுணுப்பார்கள், சராசரி இறங்கும், அவருடைய ஒப்பந்தமோ அதே பருவத்தின் முடிவில் புதுப்பித்தலுக்கு வரும். நிரந்தரப் பணியில் உள்ள பேராசிரியர் அந்த முணுமுணுப்பைப் புன்னகையோடு கடந்து போகலாம். ஆண்டுதோறும் கையெழுத்துக்காகக் காத்திருப்பவரால் அது முடியாது. கற்பித்தலில் புதுமை வேண்டும் என்று தொலைநோக்கு ஆவணத்தில் எழுதிவிட்டு, புதுமை செய்யக்கூடியவர்களைக் குறுகிய கால ஒப்பந்தத்தில் வைத்திருப்பது எனக்கு விளங்காத நிர்வாக ஞானம்.

கற்பித்தல் என்பது ஆராய்ச்சியில் விளைந்ததை எடுத்துப் பரிமாறும் வேலை என்ற எண்ணம் உங்கள் கலந்துரையாடல்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. எங்கள் துறையின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அணு எடை எது, மூலக்கூறு எடை எது என்பதில் வேதியியலர்களிடையே பெருங்குழப்பம் நிலவியது. அதைத் தீர்ப்பதற்காக 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூட்டப்பட்ட மாநாட்டில், இத்தாலியரான கனிசாரோ எழுதிய ஒரு சிறு வெளியீடு பிரதிநிதிகளுக்கு வழங்கப்பட்டது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்ற அவகாட்ரோவின் கருதுகோளைக் கொண்டு அந்தக் குழப்பத்தை எப்படி அவிழ்ப்பது என்பதை அது விளக்கியது. அது ஓர் ஆய்வுக்கூடத்தின் கண்டுபிடிப்பு அறிக்கையாக எழுதப்பட்டதன்று. ஜெனோவாவில் தன் மாணவர்களுக்கு அவர் நடத்திய பாடத்தின் சுருக்கம், 1858-இல் அச்சேறியது. மாணவர்களுக்கு முரண்பாடு இல்லாமல் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம், துறையின் முரண்பாட்டையே தீர்த்தது. ஜெர்மன் வேதியியலர் லோதர் மேயர் அதைப் படித்துத் தெளிவு பெற்றவர்களுள் ஒருவர்.

மெண்டலீவின் கதை இன்னும் பரவலாகத் தெரிந்தது என்றாலும், அதில் பாடநூலுக்கு உள்ள பங்கை மறந்துவிடுகிறோம். பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கனிம வேதியியலைக் கற்பிக்கப் பொருத்தமான ரஷ்ய நூல் கிடைக்காததால் அவரே ஒன்றை எழுதத் தொடங்கினார். முதல் பகுதியில் சில தனிமங்களை மட்டும் விரிவாகப் பேசி முடித்தபோது, அப்போது தெரிந்திருந்த மற்றத் தனிமங்கள் அனைத்தையும் எந்த வரிசையில் அடுக்குவது என்ற ஆசிரியருக்கே உரிய நெருக்கடி எழுந்தது. அந்த நெருக்கடியின் நடுவில்தான் 1869-இன் தனிம அட்டவணை பிறந்தது. எங்களில் எவரும் மெண்டலீவ் ஆகிவிடுவோம் என்று வாதிட நான் வரவில்லை. பாடத்தை ஒழுங்குபடுத்துவது அறிவுழைப்பு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் ஒரு மாற்றுவழியைச் சொல்வீர்கள்: கற்பித்தல் சார்ந்தவர்கள் வேதியியல் கல்வி ஆராய்ச்சியில் கட்டுரைகள் வெளியிடட்டும், அவற்றை வழக்கமான முறையில் மதிப்பிட்டுவிடலாம். 1990-இல் அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் போயர், கற்பித்தலையும் புலமையின் ஒரு வடிவமாக ஏற்க வேண்டும் என்று வாதிட்ட பிறகு இந்த எண்ணம் பல இடங்களில் வேரூன்றியது. வேதியியல் கல்விக்கென்றே அமெரிக்காவில் 1924-ஆம் ஆண்டு முதல் ஓர் ஆய்விதழ் வந்துகொண்டிருக்கிறது. அதில் நல்ல கட்டுரை எழுதுபவர்களை நான் மதிக்கிறேன், அவர்களால் என் வகுப்புகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனால் அதைக் கட்டாயமாக்கினால் நீங்கள் செய்வது, ஆராய்ச்சிப் பணியை வேறு பெயரில், பாதி நேரத்தில், நிதியும் உதவியாளரும் இல்லாமல் செய்யச் சொல்வதாகும். மேலும், நாள் முழுவதும் வகுப்பிலும் செய்முறைக் கூடத்திலும் நின்றுவிட்டு, இரவில் அவசரமாக எழுதப்பட்ட ஒரு சிறு கருத்துக்கணிப்புக் கட்டுரையை உங்கள் குழு ‘வெளியீடு: ஒன்று’ என்று எண்ணும், அவர் பத்தாண்டுகளாகச் செதுக்கிய கையேட்டையோ பூஜ்யம் என்று எண்ணும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆய்விலிருந்து விலகியவரின் பாடம் பழையதாகிவிடும் என்ற அச்சத்தையும் நான் ஒதுக்கிவிட விரும்பவில்லை. அது நடக்கிறது. மஞ்சளேறிய குறிப்புகளை அப்படியே படமாக்கித் திரையில் ஓட்டுபவர்கள் எங்கள் பணிப்பாதையிலும் இருக்கிறார்கள், உங்கள் பணிப்பாதையிலும் இருக்கிறார்கள். கருத்துக்கணிப்பில் நல்ல எண் வாங்குவது அவர்களுக்கு எளிது. மதிப்பெண்ணை வாரி வழங்கி, பழகிய கேள்விகளையே திரும்பக் கேட்டு, எவரையும் சங்கடப்படுத்தாமல் இருந்தால் போதும். நான் கேட்கும் வாசிப்பு அவர்களை வெளிப்படுத்திவிடும். அதைத் தெரிந்துகொண்டேதான் கேட்கிறேன். இன்று செய்முறை அறிக்கைகளைக் கணினி நிரல்களே எழுதித் தந்துவிடும் நிலையில், அறிக்கையைத் திருத்தி மதிப்பெண் போடும் பழைய முறையோடு எவர் நின்றுவிட்டார், மேசையருகே நின்று மாணவரிடம் வாய்மொழியாகக் கேட்டு மதிப்பிடும் முறைக்கு எவர் மாறினார் என்பதும் கோப்பைத் திறந்தால்தான் தெரியும்.

படித்து மதிப்பிடுவது என்றால் நடைமுறையில் என்ன? விண்ணப்பதாரரிடம் பாடக்கோப்பு ஒன்றைக் கேளுங்கள்: அவர் வடிவமைத்த அல்லது மாற்றி எழுதிய ஒரு செய்முறை, மாற்றத்துக்கு முந்தைய வடிவத்தோடு; ஒரு முழு வினாத்தாள், ஒவ்வொரு கேள்விக்கும் மாணவர்கள் எப்படி விடையளித்தார்கள் என்ற அவருடைய குறிப்போடு; மேற்பார்வை செய்யும் ஆய்வு மாணவர்களுக்கு அவர் தரும் பயிற்சித் தாள்; திருத்தப்பட்ட சில விடைத்தாள்கள், பெயர் நீக்கப்பட்டு. அதை வேறு பல்கலைக்கழகங்களில் இதே பணியில் உள்ள, அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத இருவர் அல்லது மூவருக்கு அனுப்புங்கள். ‘இவர் நல்லவரா’ என்று அவர்களிடம் கேட்காதீர்கள். ‘இந்தச் செய்முறையை உங்கள் துறையில் எடுத்துக்கொள்வீர்களா? எந்த வரியை மாற்றுவீர்கள்? இந்த வினாத்தாளில் மனப்பாடத்தால் விடையளிக்க முடியாத கேள்விகள் எவை?’ என்று கேளுங்கள். இருவேறு நாட்களில் வகுப்பையும் செய்முறைக் கூடத்தையும் நேரில் பார்த்து எழுத ஒருவரை அனுப்புங்கள். செய்முறைக் கூடத்துக்கு அனுப்பும்போது வகுப்பு முடியும் நேரம் வரை இருக்கச் சொல்லுங்கள், கழிவுக் கலங்களின் அருகே நிற்கச் சொல்லுங்கள். அடுத்த படிப்பில் சேரும் மாணவர்கள் அங்கே எப்படித் தேறுகிறார்கள் என்ற விவரம் உங்கள் பதிவேடுகளிலேயே இருக்கிறது. முதலாமாண்டில் ஒருவரிடம் படித்தவர்கள் இரண்டாமாண்டுக் கரிம வேதியியலில் எங்கே இடறுகிறார்கள் என்று பார்ப்பது கடினமான வேலை அன்று.

இதற்கெல்லாம் நேரமும் பணமும் ஆகும் என்பீர்கள். ஆராய்ச்சிக் கோப்புகளுக்கு இரண்டையும் செலவிடுகிறீர்கள். முதலாமாண்டு வேதியியலைக் கடந்துதான் மருத்துவம், பொறியியல், மருந்தியல், உயிரியல், வேளாண்மை என்று பெருந்தொகையான மாணவர்கள் தங்கள் படிப்புக்குள் நுழைகிறார்கள். அந்த வாசலில் நிற்பவரைத் தேர்ந்தெடுப்பதற்கும் தக்கவைத்துக்கொள்வதற்கும் ஒரு பிற்பகல் கூடுதலாக ஒதுக்குவது பெரிய சுமை ஆகாது.

ஒப்பந்தங்களைப் பற்றி இரண்டே வாக்கியங்கள். இப்படிப் படித்துப் பார்த்து ஒருவருடைய பணி தேர்ந்தது என்று முடிவான பிறகு, அவரை மீண்டும் ஓராண்டு ஒப்பந்தத்தில் வைக்காதீர்கள். ஆராய்ச்சியாளருக்கு எத்தனை ஆண்டுகளில் நிரந்தரம் என்ற கெடு இருக்கிறதோ, கற்பிப்பவருக்கும் அதே கெடுவை விதிப்புத்தகத்தில் எழுதுங்கள்.

அடுத்த சுற்றுக்கான விண்ணப்பப் படிவத்தை நீங்கள் இறுதி செய்வதற்கு இன்னும் நேரம் இருக்கும் என நம்புகிறேன். கற்பித்தல் என்ற தலைப்பின் கீழ் இப்போது ‘கருத்துக்கணிப்புச் சராசரி’ என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே ‘பாடக்கோப்பு இணைக்கப்பட்டுள்ளது’, ‘வெளி மதிப்பீட்டாளர்களின் அறிக்கை’ என்ற இரு கட்டங்களைச் சேர்த்து, அவை நிரப்பப்படாத கோப்பைக் கூட்டத்துக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று ஒரு குறிப்பையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கற்பித்தல் பணிப்பாதையில் உள்ள ஒரு வேதியியல் விரிவுரையாளர்